தள்ளுபடிக் கடிகாரம் கொடைக்கானலில் சொன்னதும் சொல்லாததும்

பெட்டியில் 6,999 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு 1,499 என்று போட்டிருந்தார்கள். 'இன்னும் 2 மணி நேரம் மட்டும்' என்று கீழே எண்கள் குறைந்துகொண்டே வந்தன. வீட்டில் யாரும் ஸ்மார்ட் வாட்ச் கேட்கவில்லை. விலை குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக பெரியத்தாவுக்கு என்று சொல்லி வாங்கினோம். நடையை எண்ணும், நாடித்துடிப்பு சொல்லும், தூக்கத்தைக் கணக்கிடும், இரத்த ஆக்சிஜன், இரத்த அழுத்தம் காட்டும், போதாததற்குச் சர்க்கரை அளவும் காட்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. இருபது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

விடுமுறையில் வத்தலக்குண்டிலிருந்து இரண்டு வண்டிகளில் பன்னிரண்டு பேர் கொடைக்கானல் புறப்பட்டோம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் எடுத்தாயிற்று. ஸ்வெட்டர், குல்லா, பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை எல்லாம் எடுத்தாயிற்று. குளுக்கோமீட்டரை மட்டும் பெரியத்தா வேண்டாம் என்றுவிட்டார். "அதான் கையிலயே கட்டியிருக்கேனே, இன்னும் எதுக்கு விரலைக் குத்திக்கிட்டு?" பெரியம்மா பதில் பேசவில்லை. அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரி இன்றும் கொடைக்கானலின் நடுநாயகம். அதைச் சுற்றியுள்ள சாலை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். ஒரு சுற்று நடந்துவிட்டுச் சாப்பிடலாம் என்று கிளம்பினோம். காலையில் மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. பிள்ளைகள் குதிரை, சைக்கிள் என்று நின்று நின்று வந்ததில் மணி இரண்டரை ஆகிவிட்டது. முக்கால் சுற்று வந்தபோது பெரியத்தா பின்தங்கினார். கை நடுங்கியது. கேட்டதற்கு எரிச்சலாகப் பதில் சொன்னார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சால்வையைப் போர்த்திவிட்டோம். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தால் சர்க்கரை 116, 'இயல்பு' என்று பச்சை எழுத்தில் வந்தது.

நெற்றியில் வியர்வை இருப்பதைக் கவனித்தவர் பெரியம்மாதான். குளிரில் நடுங்குகிறவருக்கு எப்படி வியர்க்கும்? அங்கேயே கல்மேடையில் உட்காரவைத்து விரலைக் குத்தினார். குளுக்கோமீட்டர் 54 காட்டியது.

பக்கத்து டீக்கடையில் நாலு கரண்டி சர்க்கரையை வெந்நீரில் கரைத்துக் குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் 88. பிறகு சோறு. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. கிளிமிப்பிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் வழக்கத்தைவிட அதிகம் நடந்து, சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் இது வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல், குழப்பம் எல்லாம் இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு வரை போகும். மலையில் இதை அடையாளம் காண்பது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே நடுங்காதவர் யார்? செய்யவேண்டியது எளிது: 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, அப்போதும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

அந்த 116 எங்கிருந்து வந்தது?

கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு மினுக்கும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு. ஆக்சிஜனுக்குச் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், அந்த விகிதத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். இவை இரண்டும் நிஜமான அளவீடுகள், கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும்.

சர்க்கரை அப்படியல்ல. தோலுக்கு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சி குளுக்கோஸை நம்பகமாக அளக்கப் பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முயன்று வருகின்றன. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, இவற்றை நம்பி மருந்து எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று. மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் வில்லை போன்ற கருவி ஒன்று உண்டு, அது வேறு. அதில் முடியளவு மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும், அது அளந்து போனுக்கு அனுப்பும். சில கடிகாரங்கள் அந்த எண்ணை வாங்கிக் காட்டும். கடிகாரம் தானே அளப்பதில்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. 1,499 ரூபாய்ப் பெட்டியில் 'சர்க்கரை அளவு' என்று ஏன் அச்சிடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். இறங்கும்போது பெருமாள்மலை அருகே மலைவாழைப்பழம் வாங்கினோம். பின்சீட்டுப் பிள்ளைகள் கடிகாரத்தை ஒரு பழத்துக்குக் கட்டிவிட்டார்கள். நாடி 74, ஆக்சிஜன் 97, சர்க்கரை 109! "பழம் நம்மளவிட ஆரோக்கியமா இருக்கு" என்று பெரியத்தாவே சிரித்துவிட்டார். ஒளி எதில் பட்டுத் திரும்பினாலும் அதில் ஏதாவது ஏற்ற இறக்கம் இருக்கும். மலிவான கருவி அதை நாடி என்று எண்ணிக்கொண்டு, இயல்பான எண் ஒன்றைக் காட்டிவிடுகிறது. புதிதாகக் கடிகாரம் வாங்கியவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். நல்ல கடிகாரங்கள்கூடச் சில நேரம் பழத்தில் நாடி காட்டும். ஆனால் பழத்துக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் காட்டினால் அந்த இரண்டு திரைகளையும் அன்றே மூடிவிடலாம்.

இரத்த அழுத்தமும் ஏறக்குறைய இதே கதைதான். கைப்பட்டையைக் காற்றால் இறுக்கி அளப்பதே முறை. இரத்த அழுத்தம் காட்டும் விலை உயர்ந்த கடிகாரங்களிலேயே, பட்டைக் கருவியில் அளந்து சில வாரங்களுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எந்தச் சரிபார்ப்பும் கேட்காமல் ஒரு தட்டில் 120/80 என்று சொல்லும் கடிகாரத்தை என்னவென்று சொல்வது?

மலைமேல் ஆக்சிஜன் குறைந்தால்

அன்றிரவு அறையில் இன்னொரு கலவரம். கடிகாரம் கைமாறிக் கைமாறி அம்மாவிடம் வந்தபோது ஆக்சிஜன் 88 என்றது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வீட்டுக்கு வீடு வாங்கி, 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்று பழகியவர்கள் நாம். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அம்மாவோ கேரட் சீவிக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். கைகள் ஐஸ் போல இருந்தன. கையைத் தேய்த்துச் சூடாக்கி, கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே சற்று இறுக்கமாகக் கட்டி, அசையாமல் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தால் 94.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று குளிர். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஒளி படிப்பதற்கு அங்கே போதுமான இரத்த ஓட்டம் இருக்காது. இன்னொன்று உயரம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி, அதாவது 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 78 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். ஆகவே கீழே 97, 98 காட்டுகிறவருக்கு மேலே இரண்டு மூன்று புள்ளி குறைந்து காட்டினால் அது நோயல்ல. ஆஸ்துமா, நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் மட்டும் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் கருவிகள் கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2021இல் அதே அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. மணிக்கட்டில் அடர்த்தியாக மருதாணி இட்டிருந்தாலும் எண் பிசகலாம். மறு கையில் கட்டிப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் சரி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

பிறகு இது எதற்குத்தான் உதவும்?

உதவுகிறது. நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் உதவியது.

ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் உள்ள செயலியில் பெரியத்தாவின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். ஏரியைச் சுற்றிய அன்று 9,000 அடிகளுக்கு மேல். சாதாரண நாளில்? 2,300. "நாள் முழுக்கக் கடையில் நின்னுக்கிட்டேதானே இருக்கேன்" என்பார். நிற்கவில்லை, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று கடிகாரம் காட்டிக்கொடுத்துவிட்டது. தினமும் இரண்டாயிரம் அடி நடக்கிறவர் ஒரே நாளில் ஒன்பதாயிரம் நடந்ததுதான் அன்றைய தாழ்சர்க்கரைக்குப் பாதிக் காரணம். அதைக் கண்டுபிடிக்கச் சர்க்கரைத் திரை தேவைப்படவில்லை, நடைக் கணக்கே போதும்.

நடையை எண்ணுவது உள்ளே இருக்கும் சின்ன அசைவுமானி. கை வீச்சை வைத்து எண்ணுவதால் அதற்கும் குறைகள் உண்டு. ஏரிக்கரையில் குதிரையில் ஏறிய பையனுக்கு ஆயிரத்துச் சொச்சம் அடிகள் எழுதியது, நடந்தது குதிரை. மிதிபடகில் கால் வலிக்க மிதித்த அக்காவுக்கு ஏதும் இல்லை. குளிருக்குக் கையை ஜாக்கெட் பைக்குள் விட்டு நடந்தாலும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாலும் குறைத்தே எண்ணும். ஆனால் ஒரே மனிதர், ஒரே கை, ஒரே பழக்கம் என்று வாரக்கணக்கில் பார்க்கும்போது இந்தப் பிழைகள் பெரிதாகத் தெரிவதில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்பது சரியாகவே தெரியும்.

10,000 அடி என்ற இலக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள் உடையது. விளம்பரத்தில் பிறந்த எண் அது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சராசரி வயது 72 உள்ள சுமார் 17,000 பெண்களைப் பார்த்து 2019இல் எழுதியது வேறு: நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு குறைவு, 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எட்டக்கூடிய எண்கள் இவை. சாப்பிட்டதும் பத்து நிமிட நடை, மூன்று வேளையும் என்றால், ஒரே தடவையில் நடக்கும் அரை மணி நேரத்தைவிடச் சர்க்கரை ஏற்றத்தை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்று நியூசிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வும் சொல்கிறது.

பெரியத்தா இப்போது லுஹருக்கும் மஃரிபுக்கும் இருசக்கர வாகனத்தை எடுப்பதில்லை. பள்ளிவாசலுக்குப் போய்வர எழுநூறு அடி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடைத்தெருவில் ஒரு சுற்று. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கடிகாரம் மணிக்கட்டில் கிர்ரென்று அதிரும்; எழுந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிட்டு உட்காருவார். இரண்டு மாதத்தில் சராசரி 5,000ஐத் தொட்டது. வெளியே நடக்கத் தயங்கும் பெண்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையும் இருக்கிறது.

நாடித்துடிப்பும் இப்படித்தான், ஓரிரு நாள் எண்ணைவிடப் பல வாரப் போக்கு முக்கியம். ஏரியிலிருந்து கோக்கர்ஸ் வாக் வரை ஏறும்போது அடிகள் கொஞ்சம்தான், நாடியோ 128க்குப் போனது. மேட்டில் ஏறும் சிரமம் அடிக்கணக்கில் தெரியாது, நாடியில் தெரியும். காலையில் எழுந்ததும் ஓய்வாக இருக்கும்போது உள்ள நாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 70 இருப்பவருக்கு நாலைந்து நாள் தொடர்ந்து 82, 85 என்றால் காய்ச்சல், தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு என்று ஏதோ இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அதிகம் ஏறாது. அவர்கள் கடிகாரம் சொல்லும் 'இன்னும் வேகமாக' என்பதைக் கேட்டு ஓடக்கூடாது. நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்குச் சரியான அளவு.

தூக்கக் கணக்கை நாங்கள் பெரிதாக நம்புவதில்லை. படுத்துக்கொண்டு போன் பார்த்தாலும் தூங்கியதாக எழுதும். ஃபஜ்ருக்கு எழுந்து மறுபடி படுத்தால் பாதியை விட்டுவிடும். ஆனால் சத்தமில்லாமல் அதிர்ந்து எழுப்பும் அலாரம் அருமை. பக்கத்தில் தூங்கும் கைக்குழந்தை விழிக்காது. மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் அதுவே போதும். காது சரியாகக் கேட்காத பெரியவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கித் தரலாம்.

ஒளூவின்போது கழற்றிவிடுவதே நல்லது. வாருக்கு அடியில் தண்ணீர் சேர வேண்டும் என்பது ஒரு பக்கம். ஐபி68 என்று போட்டிருப்பது தெளிந்த நல்ல தண்ணீரை வைத்துச் செய்த சோதனை. சோப்பு நுரைக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் அது பொருந்தாது என்பது இன்னொரு பக்கம். ஈரத்தோடு கட்டிக்கொண்டே இருந்தால் வாரின் அடியில் அரிப்பும் தடிப்பும் வரும்.

வாங்குகிறவர்களுக்கு

அடித்துப் போட்ட பழைய விலையைப் பார்க்காதீர்கள். அந்த விலைக்கு அது என்றாவது விற்றதா என்பதே கேள்வி. 'இன்னும் 2 மணி நேரம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் முறையற்ற வணிகம் என்கின்றன; புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. அடி எண்ணுதல், நாடி, அதிர்வு அலாரம், ஒரு வாரம் தாங்கும் மின்கலம், வெயிலில் தெரியும் பெரிய எழுத்து. பெரியவர்களுக்கு இவை போதும், இவை எல்லாம் மலிவான கடிகாரத்திலும் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்கள். திண்டுக்கல், மதுரை போல் பக்கத்து ஊரில் பழுதுபார்க்கும் இடம் உண்டா, சார்ஜர் தொலைந்தால் தனியே கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு காந்த சார்ஜர், அது போனால் கடிகாரம் வெறும் வளையல். செயலி தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் அடி எண்ண அவை எதற்கு என்று யோசித்து மறுத்துவிடலாம், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் கட்டும் கடிகாரமாக இருந்தால்.

பழுதானதை மலையில் எறிந்துவிட்டு வராதீர்கள். உடலை அளக்கும் கருவிகளுக்கும் கொடைக்கானலுக்கும் கசப்பான ஒரு தொடர்பு உண்டு. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிகளைச் செய்த தொழிற்சாலை அங்கே 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்டது. அதன் பாதரசக் கழிவு பற்றிய வழக்கும் பேச்சும் அதன் பிறகும் பல ஆண்டு நீண்டன. கடிகாரத்தில் இருப்பது சின்ன லித்தியம் மின்கலம்தான், ஆனாலும் அது மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடி கொடைக்கானல் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் போவோம். இந்த முறை குளுக்கோமீட்டர் பெரியத்தாவின் சட்டைப்பையில் இருக்கும், ஸ்வெட்டருக்கு உள்ளே; ஸ்ட்ரிப்புக்கும் குளிர் ஆகாது. கூடவே நாலு குளுக்கோஸ் பொட்டலம். கடிகாரத்தில் சர்க்கரைத் திரையைப் பேரன் எடுத்துவிட்டான். அந்த இடத்தில் இப்போது மணி பெரிதாகத் தெரிகிறது.